மூன்றே நாளில் ஊர்க்காரன்

“கண்ணைக் கட்டி எந்த ஊர்ல வேணா கொண்டுபோய் எறக்கி உடுங்க. மூணே நாளு. நாலாம் நாளு அந்த ஊர்க்காரனே எங்கிட்ட வந்து வழி கேப்பான்!”

வளவனூரில், மைத்துனி வீட்டுக் காதுகுத்தில், கறிச்சோறு தின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பத்துப் பதினைந்து பேர் முன்னிலையில் பூவரசன் விட்ட சவால் இது. கறிச்சோற்றுக்குப் பின் சவால் விடுவது ஆண்பிள்ளைகளுக்கு இயற்கை. அடுத்த தேர்தலில் நிற்கப்போகிறேன் என்பார் ஒருவர். நாளையிலிருந்து பாட்டிலைத் தொடமாட்டேன் என்பார் இன்னொருவர். கை கழுவிய தண்ணீரோடு அவை போய்விடும். பூவரசனின் சவால் அப்படிப் போகவில்லை. அதற்கு அசைக்க முடியாத ஆதாரம் ஒன்று இருந்தது. ஆதாரத்தின் பெயர் கட்டக்.

ஒடிசாவில் மகாநதிக் கரையில் இருக்கிறது அந்த நகரம். திண்டிவனத்துக்கும் அதற்கும் நடுவில் ஆந்திரா முழுசாகக் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. அங்கே ஒரு சந்தில், பைக்குக்கும் ஆட்டோவுக்கும் சீட் தைக்கும் குஷன் கடை வைத்திருக்கிறார் பூவரசன். கட்டக் நகரத்து மக்கள் எவ்வளவோ பேர் இருபத்தேழு வருடமாக அவர் தையலின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவருடைய அடக்கமான மதிப்பீடு.

அவர் கட்டக் போக வேண்டும் என்று போனவரல்லர். கல்கத்தாவில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் சீட் தைக்கும் வேலை இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி வாலிப வயதில் ரயிலேறினார். கட்டக்கில் தண்ணீர் பிடிக்க இறங்கினார். குழாயடியில் அவருக்கு முன்னால் நின்ற மனிதர் நிதானமாக வாய் கொப்பளித்தார், முகம் கழுவினார், கழுத்தைத் துடைத்தார். ரயிலுக்கு அந்த நிதானம் இல்லை. அது கிளம்பிவிட்டது. பூவரசன் கையில் பாட்டில் இருந்தது, பை ரயிலில் இருந்தது.

சாதாரண மனிதர்கள் இந்த இடத்தில் அழுவார்கள். பூவரசன் கழுத்தைத் துடைத்தவரோடு சண்டைக்குப் போனார். அவர் ஒடியாவில் திட்டினார், இவர் திண்டிவனத்துத் தமிழில் திட்டினார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. ஆனால் சொன்னது முழுவதும் புரிந்தது. தொண்டை வறண்டதும் இருவரும் அதே குழாயில் தண்ணீர் குடித்தார்கள். திட்டியவரின் பெயர் ஜெனா பாபு. பாவம் பார்த்துத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார். ஏறும்போதே பூவரசன் கண்ணில் பட்டது, பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்த அந்தக் கிழிந்த சீட்டு. ஜெனா பாபுவின் வீட்டு முன்னறை அன்றைக்கே தையற்கூடமாயிற்று. வாடகை மட்டும் பிறகு வந்தது.

மறுநாள், முன்னறைக்கு மேல் ஒரு படுதா கட்டுவதற்காக எதிர்வீட்டில் சைகை காட்டி ஏணி கடன் வாங்கினார். மூன்றாம் நாள் அந்தச் சந்தில் ஏதோ பூஜைச் சாப்பாடு. தெருவில் நீளநெடுக வரிசையாக ஜனம் உட்கார்ந்திருக்க, பரிமாற ஆள் போதவில்லை. யாரோ ஒருவர், இவர் யார், எந்த ஊர் என்று கேட்காமல், வாளியைக் கையில் திணித்து, முதுகில் ஒரு தள்ளு தள்ளிவிட்டார். வாளியில் இருந்தது டால்மா. பருப்பில் கத்திரிக்காய், பூசணிக்காய், வாழைக்காய் எல்லாம் போட்டு வேகவைத்தது. புளி போட மறந்த சாம்பார் என்று பூவரசன் அதை மனசுக்குள் மன்னித்துவிட்டு ஊற்றிக்கொண்டே போனார். வரிசை முடிவதற்குள் மூன்று பேர் அவரைத் திட்டினார்கள். ஒரு கிழவி, கரண்டியில் காயே வரவில்லை என்று இலையைத் தூக்கிக் காட்டினாள்.

அன்று இரவு தூங்கப்போகும்போது பூவரசனுக்கு ஒரு ஞானம் பிறந்தது. போதி மரம் இல்லாத குறையை டால்மா வாளி தீர்த்துவைத்தது. ஊர்க்காரன் ஆவதற்கு மூன்று படி. முதலில் ஒருவனோடு சண்டை போட வேண்டும். பிறகு ஒருவனிடம் ஏணி வாங்க வேண்டும். கடைசியாகப் பந்தியில் வாளி தூக்க வேண்டும். “உக்கார வச்சி சோறு போட்டா விருந்தாளி. வாளிய கையில குடுத்தா ஊர்க்காரன். அவ்ளோதான் மேட்டரு,” என்பார். தத்துவங்கள் பல கேட்டிருக்கிறோம். இவ்வளவு சீக்கிரம் முடிகிற தத்துவம் அபூர்வம்.

வெறும் வாய்ப்பேச்சு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர் கட்டக் போன மறு வருடமே, தொண்ணூற்றொன்பதில், ஒடிசாவில் அந்தப் பெரும்புயல் அடித்தது. சந்தில் பாதி வீட்டுக்குக் கூரை இல்லை. கையில் காசு இருந்தவன் ரயிலில் ஏறி ஊரைப் பார்க்கப் போயிருப்பான். பூவரசன் கடையில் சீட்டுக்காக வாங்கி அடுக்கியிருந்த ரெக்ஸின் சுருள் அத்தனையையும் இறக்கி, ராப்பகலாக மிதித்துத் தைத்து, வீட்டுக்கு வீடு கூரை மாட்டிவிட்டார். மழைக்காலம் முழுவதும் அந்தச் சந்தை மாடியிலிருந்து பார்த்தவர்களுக்குச் சிவப்பு, பச்சை, நடுநடுவே புலித்தோல் டிசைன் என்று ஒரு மிருகக்காட்சி தெரிந்தது. புலித்தோல் கூரை ஜெனா பாபுவுக்குப் போயிற்று. வீட்டுக்காரர் என்ற மரியாதை.

பிறகு வளவனூர் தையல்நாயகியைக் கட்டிக்கொண்டு போனார். அந்த அம்மாள் மீன்காரியிடம் பேரம் பேசியே ஒடியா கற்றுக்கொண்டவள். தயிர் வடையின் தலையில் உருளைக்கிழங்குக் குழம்பை ஊற்றித் தின்னும் ஊர் அது. முதல் நாள் அதைப் பார்த்து மூக்கைப் பொத்தியவள், இப்போது அது இல்லாமல் மாலை போகாது என்கிறாள். பழைய சோற்றுக்கென்று ஒரு நாளையே ஒதுக்கிக் கொண்டாடுகிற ஜனங்கள் என்று தெரிந்தபோது, “இவங்க நம்ம ஆளுங்கதான்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

இப்படி இருக்கையில்தான் ஜெனா பாபு பழைய வீட்டை இடித்து மாடி வைத்துக் கட்ட முடிவு செய்தார். கீழே புதுக் கடைகள் வரும். “உனக்கு ஒன்று வேண்டுமா, வேண்டாமா? வேண்டாமென்றால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது, சீக்கிரம் சொல்,” என்றார். அதே வாரத்தில் திண்டிவனத்திலிருந்து அண்ணன் அரங்கநாதனின் போன். மல்லாட்டை என்கிற நிலக்கடலை வியாபாரி. அவருடைய கடைக்குப் பக்கத்துக் கடை காலியாகிறது. “வந்துடுடா. எத்தினி நாளிக்குதான் கண்காணாத ஊர்ல கெடப்ப? எம் பையன் தேவா கல்யாணத்துக்கு வர்றல்ல, அப்படியே இருந்துடு. சாவி வாங்கி வச்சிருக்கறேன்.”

ஐம்பது வயதில் மனுஷன் சொந்த ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது எல்லாரும் சொல்கிற விஷயம். எல்லாரும் சொல்வதால் பூவரசனும் அதைத்தான் நினைத்தார். தையல்நாயகி மட்டும் கேட்டாள்.

“அங்க போயி செட் ஆவுமா நமக்கு?”

“இன்னாடி கேள்வி இது? ஊர் பேர் தெரியாத ஊர்லயே மூணு நாளு. பொறந்த ஊருக்கு ஒரு மத்தியானம் போதும்!”

“சரி, மூணு நாளே எடுத்துக்கங்க. கல்யாணம் முடியட்டும். அதுக்கு முன்னாடி ஜெனா பாபுகிட்ட வேணாம்னு வாயத் தொறக்காதீங்க.”

ஒப்பந்தம் கையெழுத்தில்லாமல் நிறைவேறியது. கல்லூரிப் பரீட்சை என்று மகள் இசைவாணி அங்கேயே தங்கிவிட, இருவரும் விழுப்புரம் ரயிலில் ஏறினார்கள். அந்த ரயில் திண்டிவனத்தில் நிற்காது. சொந்த ஊரை ஜன்னல் வழியாக வேகமாகக் கடந்து, விழுப்புரத்தில் இறங்கி, பஸ் பிடித்து, முண்டியம்பாக்கத்தைத் தாண்டித் திரும்பவும் வந்த வழியே வர வேண்டும். சகுனம் பார்க்கிறவர்கள் இதில் ஏதாவது பார்த்திருப்பார்கள். பூவரசன் பார்த்தது பஸ் சீட்டை. தையல் மட்டம் என்றார்.

திண்டிவனத்தில் அண்ணன் வீட்டுத் தெருமுனையில் ஆளுயர ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். மணமக்களுக்குக் கீழே சொந்தபந்தங்களின் படங்கள், இரண்டு வரிசை. மேல்வரிசையில் மூன்றாவதாக, கறுப்புக் கண்ணாடியும் யாருடையதோ கோட்டு சூட்டும் மாட்டி, பின்னால் கடல் அலையடிக்க நின்றார் பூவரசன். கீழே ‘பம்பாய் பூவரசன்’ என்று போட்டிருந்தது.

“அண்ணி, பம்பாய் இல்ல. கட்டக்,” என்றார் வீட்டுக்குள் நுழைந்ததும்.

“அதாங்க தம்பி, பம்பாய் பக்கம்,” என்றார் அண்ணி கலையரசி. “யாருப்பா அங்க, தம்பிக்கு ஒரு சேர் எடுத்தாந்து போடுங்க!”

சேர் வந்தது. சிவப்பு பிளாஸ்டிக், கை வைத்தது. அதைத் துண்டால் தட்டித் துடைத்துப் போட்டார்கள். ஊருக்கெல்லாம் உட்கார இடம் தைத்துக் கொடுத்த மனிதர் அதில் உட்கார்ந்தார். கூல்டிரிங்ஸ் வந்தது. ஃபேன் அவர் பக்கம் திருப்பப்பட்டது. “உங்க ஊர்ல மழையா?” என்றார் அண்ணி. பூவரசன் பிறந்தது அந்த அறைக்கு அடுத்த அறையில்.

தெருவில் காலெடுத்து வைத்தால் எல்லாரும் ஒரே கேள்வியை இரண்டு பாதியாகக் கேட்டார்கள். “எப்ப வந்தீங்க? எப்ப போறீங்க?” முதல் பாதிக்கு அவர் பதில் சொல்வதற்குள் இரண்டாம் பாதி வந்துவிடும்.

“போறதுக்கு வரல. இங்கியே இருக்கறதுக்கு வந்துகிறேன்.”

“பம்பாய்க்காரரு தமாசு பண்றாரு!” என்று சிரித்துக்கொண்டு போனார்கள்.

பரவாயில்லை, நம்மிடம் மூன்று படி இருக்கிறதே என்று பூவரசன் தெம்பாக இருந்தார். முதல் படிக்கு வாய்ப்பு வாசலிலேயே நின்றது. பக்கத்து வீட்டு இனியவன் தன் பைக்கை அண்ணன் வீட்டு கேட்டை அடைத்து நிறுத்தியிருந்தான். பூவரசன் இடுப்பில் கை வைத்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஆரம்பித்தார்.

“யோவ்! இன்னா, உங்கப்பன் ஊட்டு வாசலா இது? எட்றா வண்டிய!”

இனியவன் ஓடிவந்தான். பூவரசன் அடுத்த வசவைத் தயாராக நாக்கு நுனியில் வைத்திருந்தார்.

“சாரிங்க சார், சாரிங்க சார்! பம்பாய்லேர்ந்து வந்துகிறவருதானே நீங்க? அண்ணன் சொன்னாரு. ஜல்தியா எட்துட்றேன் சார்.”

வண்டியும் போயிற்று, சண்டையும் போயிற்று. போதாததற்கு ஓர் இளநீர் வேறு வந்தது.

“ஏம்பா, நான் உங்கப்பன இழுத்துத் திட்டிகினு இருக்கறேன். திருப்பித் திட்ட மாட்டியா?”

“விருந்தாளிய எப்டி சார் திட்றது?”

அன்று சாயங்காலம் அதே பைக்குக்காக அரங்கநாதனும் இனியவனும் போட்ட சண்டையில் தெரு இரண்டுபட்டது. மூன்று தலைமுறைக்கு முந்தைய வாய்க்கால் தகராறெல்லாம் அதில் வெளியே வந்தது. பூவரசன் மாடியில் நின்று முழுவதையும் கேட்டார். பொறாமையாக இருந்தது.

ஏணி இன்னும் மோசம். மறுநாள், தோரணம் கட்ட வேண்டும் என்று எதிர்வீட்டுக் குப்பம்மாளிடம் கேட்டார். “ஐயே, நீங்க ஏன் தூக்கிக்கினு அலையறீங்க? வெயில்ல நிக்காதீங்க” என்று அந்த அம்மாள் இரண்டு ஆட்களோடு ஏணியை அனுப்பினாள். அவர்களே சாய்த்தார்கள், ஏறினார்கள், கட்டினார்கள், ஏணியை எடுத்துப் போனார்கள். பூவரசனுக்குக் கிடைத்த வேலை, நிழலில் போட்ட சேரில் உட்கார்ந்து “கொஞ்சம் எடப்பக்கம்” என்று சொல்வது. அதையும் அவர்கள் கேட்கவில்லை.

“ரெண்டு போச்சா?” என்றாள் தையல்நாயகி. சிரிக்காமல் கேட்டதுதான் கொடுமை.

“இரு, இரு. நாளிக்கி கல்யாணம். வாளி எங்க போவும்?”

வாளிதான் போய்விட்டிருந்தது. மறுநாள் மண்டபத்தில் தாலி கட்டி முடிந்ததும், பூவரசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்திக் கூடத்துக்கு விரைந்தார். அவர் வாலிபத்தில் பார்த்த கல்யாணங்களில் பங்காளிகள் வாளிக்கு அடித்துக்கொள்வார்கள். பாயசம் யார் ஊற்றுவது என்பதில் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு. இப்போது பங்காளிகள் எல்லாரும் சேரில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். மெரூன் ஏப்ரனும் காகிதத் தொப்பியும் கையுறையும் மாட்டிய ஆட்கள், தண்டவாளத்தில் போகிற மாதிரி இலைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தார்கள். விழுப்புரத்து கேட்டரிங் காண்ட்ராக்ட். இலை போடுவதிலிருந்து எடுப்பது வரைக்கும் அவர்கள் பொறுப்பு.

“தம்பி, அந்த வாளிய இப்டி குடு,” என்று ஒருவனிடம் கை நீட்டினார். அவன் பணிவாகச் சிரித்து, ஒரு நாற்காலியைக் காட்டினான். கோட்டு போட்ட மேனேஜர் ஓடிவந்து, “சார், நீங்க வி.ஐ.பி. டேபிளுக்கு வாங்க” என்றார்.

பூவரசன் பின்கட்டுக்குப் போனார். கோபமா, துக்கமா என்று அவருக்கே தெரியவில்லை. சமையல்கட்டு வாசலில் கால் வைத்தபோது உள்ளேயிருந்து ஒரு வசவு கேட்டது. அண்டாவைச் சரியாகத் தேய்க்காத யாரையோ, அவனுடைய தாய்மாமனையும் சேர்த்து, ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார். சுத்தமான ஒடியா. மகாநதித் தண்ணீர் குடித்த வாயிலிருந்து மட்டுமே வரக்கூடிய வசவு.

எட்டிப்பார்த்தார். திட்டிக்கொண்டிருந்தவர் தலைமைச் சமையற்காரர் சனாதன். அவருக்குப் பக்கத்தில், கவிழ்த்துப்போட்ட ஒரு தேக்சாவின் மேல், பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள் தையல்நாயகி.

“இவ்வளவு பெரிசாகவா நறுக்குவது? யானைக்கா போடப்போகிறோம்?” என்று சனாதன் அவளை ஒடியாவில் அதட்டினார். அவளும் ஒடியாவில், “உன் குழம்புக்கு இதுவே அதிகம்” என்றாள். பிறகு கணவனைப் பார்த்துத் தமிழுக்கு மாறினாள். “காத்தாலேர்ந்து இங்கதான் கீறேன். அங்க ஒக்காந்து ஒக்காந்து இடுப்பு கழண்டுபோச்சி.”

சனாதன் ஜாஜ்பூர்க்காரர். கட்டக்கிலிருந்து கூப்பிடு தூரம். பத்து வருடமாக விழுப்புரத்தில் இருக்கிறார். இரண்டு நிமிடத்தில் பூவரசனின் சந்து தெரிந்துவிட்டது, சந்தின் முனையில் இருக்கும் தயிர்வடைக்காரன் தெரிந்துவிட்டது, அவன் குழம்பில் முன்புபோல் காரம் இல்லை என்பதில் ஒற்றுமையும் ஏற்பட்டுவிட்டது. அதற்குள் வெளியே இரண்டாம் பந்தி உட்கார்ந்து, சாம்பார் எங்கே என்று குரல் வர ஆரம்பித்தது. சனாதன் சுற்றிலும் பார்த்தார். ஆள் குறைந்தது. கண்ணில் பட்டவர் பூவரசன்.

“பாயினா, சும்மா நின்று பேசிக்கொண்டிருந்தால் சாம்பார் தானாக நடந்து போகுமா? பிடி!” என்று வாளியைக் கையில் திணித்து முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். பாயினா என்றால் அண்ணன். சட்டை கெட்டுவிடும் என்று ஒருவன் ஏப்ரனை மாட்டிவிட்டான், தொப்பியைக் கவிழ்த்தான்.

அடடா, அந்த நடை! வரிசையில் பூவரசன் இறங்கினார் பாருங்கள், கரண்டி ஒரு சொட்டு சிந்தவில்லை. அடியில் கலக்கி, முருங்கைக்காய் ஒன்று, கத்திரிக்காய் ஒன்று என்று பங்கு பிசகாமல், இலைக்கு இலை ஊற்றிக்கொண்டு போனார். சொந்த அண்ணன் மகன் கல்யாணத்தில், சொந்த ஊரில், கையில் வாளி. மூன்றாம் நாள் முடியவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்.

சாப்பிடுகிறவன் பரிமாறுகிறவன் முகத்தைப் பார்ப்பதில்லை என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. நாலாவது இலையில் அமர்ந்திருந்தவர் நடராசன் மாமா. பூவரசனின் சொந்தத் தாய்மாமன்.

“யோவ், தண்ணியாட்டம் ஊத்திகினு போறியே, கெட்டியா போடுயா!” என்றவர், பக்கத்து இலைக்காரரிடம் திரும்பினார். “இந்த வடக்கத்தி ஆளுங்களோட ஒரே பேஜாருப்பா. பாஷையும் புரியாது, சாம்பாரும் புரியாது.”

“கலக்கித்தான் ஊத்தறேன் மாமா.”

“அட! தமிழ் நல்லா பேசறியே! எந்த ஊருய்யா உனக்கு?”

“திண்டிவனம்.”

“அதான் இப்ப எல்லாருமே திண்டிவனத்துலதான கீறீங்க. அது சரி. சொந்த ஊரு எது?”

பூவரசன் வாயைத் திறந்தார். இவ்வளவு சுலபமான கேள்வி அவர் வாழ்நாளில் யாரும் கேட்டதில்லை. பதில் மட்டும் வரவில்லை. கரண்டி நுனியிலிருந்து சாம்பார் மாமாவின் அப்பளத்தின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

“இன்னாயா முழிக்கற? ஊரு பேரு கூட தெரியாதா?”

அதற்குள் அரங்கநாதன் பார்த்துவிட்டார். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இருக்க வேண்டிய நிதானமெல்லாம் போய், ஓடிவந்து வாளியைப் பிடுங்கினார், தொப்பியைக் கழற்றினார். நடராசன் மாமாவின் வாயில் போன சோறு பாதியில் நின்றது.

“டேய், இன்னாடா கோலம் இது? பொண்ணு ஊட்டுக்காரங்க பாத்தா இன்னா நெனைப்பாங்க? மாப்ள சித்தப்பன் சாம்பாரு ஊத்தறான்னு சொல்ல மாட்டாங்களா?”

“நம்மூட்டு கல்யாணம்தானே அண்ணே...”

“அதுக்கு? எங்கியோ போயி கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவன்டா நீ. நம்ம ஊருக்கு வந்தா ராஜா மாதிரி ஒக்காரணும். அதப் பாக்கணும்னுதான எனக்கு ஆச.” சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது.

அதற்கு மேல் பூவரசன் என்ன பேசுவார்? அவமானப்படுத்துகிறவனோடு சண்டை போடலாம். மரியாதை செய்கிறவனை என்ன செய்வது? கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். பெண்ணின் அப்பாவுக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ராஜா மாதிரிதான் இருந்தார். ராஜாக்கள் ஏன் அடிக்கடி படையெடுத்து வெளியூர் போனார்கள் என்பது அவருக்கு அப்போது புரிந்தது.

மூன்று மணிக்கு மேல் மண்டபம் காலியானதும் சமையல் ஆட்கள் பின்கட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பூவரசனும் தையல்நாயகியும் அவர்களோடு உட்கார்ந்தார்கள். உட்காரச் சொல்லி யாரும் உபசாரம் செய்யவில்லை. இடம் விட்டு நகர்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான். நெரிசலில் ஒருவனின் முழங்கை பூவரசனின் விலாவில் இடித்தது.

“நீ ஊருக்குப் போவதில்லையா?” என்று சனாதனைக் கேட்டார்.

“வருடத்துக்கு ஒரு தடவை,” என்றார் சனாதன், ஒரு மிளகாயைக் கடித்துக்கொண்டு. “போனால் நாற்காலி போட்டு விடுகிறார்கள் பாயினா. நான்கு நாளுக்கு மேல் தாங்காது. விழுப்புரத்துக்கு வந்து யாரையாவது நன்றாகத் திட்டினால்தான் உடம்பு சரியாகும்.”

தையல்நாயகி கணவனைப் பார்த்தாள். கணவன் இலையைப் பார்த்தார்.

மறுநாள் காலை. புதுமணத் தம்பதி மறுவீட்டுக்குக் கிளம்பிப் போய், வீடு அமைதியாகியிருந்தது. அரங்கநாதன் குளித்து, விபூதி பூசி, புதுக் கடையின் சாவியைக் கொண்டுவந்து தம்பியின் கையில் வைத்தார். சாவிக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தது.

“நாள் பாத்துட்டேன்டா. வர்ற வெள்ளிக்கெழம நல்லா கீது. போர்டுல ‘பம்பாய் குஷன் ஒர்க்ஸ்’னு போட்டா ஜனம் நம்பி வரும், இன்னா சொல்ற?”

பூவரசன் சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இருந்தார். கனமான சாவி, நல்ல கடை. நல்ல அண்ணன். சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போது போன் அடித்தது. ஜெனா பாபு.

குசலம் விசாரிப்பது ஜெனா பாபுவின் வழக்கமல்ல. குழாயடியில் ஆரம்பித்த உறவு அப்படியேதான் இருக்கிறது. எடுத்த எடுப்பில் கத்தினார். எங்கே தொலைந்தாய்? கடைக்கு இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள், அதில் ஒருவன் கையில் அட்வான்ஸோடு நிற்கிறான், உனக்கு வேண்டுமா வேண்டாமா, ஒரு வார்த்தை சொல்லித் தொலை. பக்கத்தில் இருந்த தையல்நாயகிக்கு அத்தனையும் கேட்டது. மடித்துக்கொண்டிருந்த புடவையைப் பாதியில் நிறுத்தினாள்.

பூவரசன் சாவியை அண்ணனின் கையில் வைத்தார். மஞ்சள் உதிராமல், அவர் விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மடித்துவிட்டார். அரங்கநாதனுக்கு ஒடியா தெரியாது. தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கத்தாதீர்கள் பாபு,” என்றார் பூவரசன் ஒடியாவில், மெதுவாக. “யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். நான் வெளியூர் வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்துவிடுவேன்.”